கெட்டமைன் கையேட்டில் “71 சதவீதம்” என்று எழுதலாமா?

நொச்சி (கேள்வி)

வணக்கம். மனநலப் புறநோயாளிப் பிரிவில் வீட்டாருக்குக் கொடுக்க 4 பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று தயாராகிறது. மாத்திரைகளுக்கு அசையாத மனச்சோர்வுக்கு கெட்டமைன் என்ற மயக்க மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதைப் பற்றியது. வரைவின் முதல் பத்தி இப்படி இருக்கிறது:

“கெட்டமைன் ஊசி 24 மணி நேரத்தில் மனச்சோர்வைக் குணமாக்கும். 71 சதவீதம் பேருக்குப் பலன் உண்டு. ஷாக் சிகிச்சையை விட இது மேலானது.”

மூன்று வாக்கியத்துக்கும் ஆதாரம் இருப்பதாகத்தான் வரைவு சொல்கிறது. ஆனாலும் உறுத்துகிறது. அந்த 71 எங்கிருந்து வந்தது? கிலோவுக்கு 0.5 மி.கி., 40 நிமிடம் என்று எல்லா இடத்திலும் ஒரே கணக்கு வருகிறதே, அது ஏன்? சிகிச்சை அறையில் என்ன நடக்கும், எங்கே பிசகும் என்பதையும் ஒரு பக்கத்தில் சொல்ல வேண்டும். டி.எம்.எஸ். காந்த சிகிச்சைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறது. தெரிந்தவர்கள் தாராளமாக வெட்டித் திருத்துங்கள்.

---

பாலைக்கதிர்

71 பொய்யில்லை. ஆனால் அது 17 பேரிடம் எடுத்த 71.

2006-இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் கார்லோஸ் சராட்டே குழு 18 பேரைச் சேர்த்தது. அவர்களில் கெட்டமைன் ஏறியது 17 பேருக்கு. மறுநாள் 12 பேரின் மனச்சோர்வுப் புள்ளி பாதியாகவோ அதற்கும் கீழோ இறங்கியிருந்தது. 71 சதவீதம் என்பது இந்த 12 பேர்தான். “பாதியாக இறங்கியது” வேறு, “குணம்” வேறு. மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் 28 புள்ளியோடு வந்தவர் 14-க்கு இறங்கினால் ஆய்வுக் கணக்கில் அவருக்குப் பலன் கிடைத்துவிட்டது. வீட்டுக்குப் போனால் அவர் இன்னும் சோர்வாகத்தான் இருப்பார். அறிகுறி ஏறக்குறைய முழுவதும் விலகியது 29 சதவீதத்தினருக்கு, அதாவது 5 பேருக்கு. ஒரு வாரம் வரை அந்தப் பலன் நின்றது 35 சதவீதத்தினருக்கு, 6 பேர். ஒரே கட்டுரையில் மூன்று எண்கள் இருக்க, பெரியதை மட்டும் எடுத்துக் கையேட்டில் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு ஓட்டை, ஒப்பீடு. அந்த ஆய்வில் எதிர்ப்பக்கம் ஏற்றியது வெறும் சலைன். கெட்டமைன் ஏறினால் சில நிமிடங்களில் உடம்பு மிதப்பதுபோல் இருக்கும், குரல்கள் தூரத்தில் கேட்கும். சலைனுக்கு அப்படி எதுவும் ஆகாது. தனக்கு எது ஏறியது என்று நோயாளிக்கும் தெரியும், எதிரே உட்கார்ந்து புள்ளி போடுபவருக்கும் தெரியும். இதைச் சரிக்கட்டத்தான் 2013-இல் மரோ குழு 73 பேரை வைத்து, சலைனுக்குப் பதில் லேசாக மயக்கம் தரும் மிடாசோலத்தை எதிரே நிறுத்தியது. 24 மணி நேரத்தில் பலன் கண்டவர்கள் கெட்டமைனில் 64 சதவீதம், மிடாசோலத்தில் 28 சதவீதம். கெட்டமைன் வென்றது. ஆனால் அந்த 28-ஐயும் பார்க்க வேண்டும். “புது மருந்து ஏறுகிறது” என்ற நம்பிக்கையும் நாள் முழுக்க நால்வர் கூட இருந்து கவனிப்பதும் சேர்ந்தே அவ்வளவு செய்துவிடும். 2023-இல் ஸ்டான்ஃபோர்டில் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். வேறு அறுவை சிகிச்சைக்காக முழு மயக்கத்தில் படுத்திருந்த, மனச்சோர்வும் உள்ள 40 பேரில் பாதிப்பேருக்கு அந்த மயக்கத்திலேயே கெட்டமைன், மீதிப்பேருக்குச் சலைன். யாருக்கும் எது ஏறியது என்று தெரியாது. இரண்டு பக்கமும் நன்றாகத் தேறினார்கள், வித்தியாசம் தெரியவில்லை. மயக்க மருந்துகளே கெட்டமைனின் வேலையை மறைத்திருக்கலாம் என்ற மறுப்பும் உண்டு, அது நியாயமானதே. ஆகவே “கெட்டமைன் வேலை செய்யாது” என்று இதிலிருந்து முடிவெடுக்க முடியாது. ஆனால் 71-ஐ நெஞ்சு நிமிர்த்தி எழுதவும் முடியாது.

0.5 மி.கி., 40 நிமிடம்: மனச்சோர்வுக்கென்று தேடிக் கண்டுபிடித்த அளவு அல்ல அது. யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் கிரிஸ்டல் குழு 1994-இல் ஆரோக்கியமானவர்களுக்கு இந்த அளவைக் கொடுத்து, மனச்சிதைவு போன்ற நிலை கொஞ்ச நேரத்துக்கு எப்படி வருகிறது என்று பார்த்தது. 2000-இல் அதே யேல் வட்டாரம் ஏழெட்டு மனச்சோர்வு நோயாளிகளிடம் கெட்டமைனைச் சோதித்தபோது, கையில் இருந்த அளவையே எடுத்துக்கொண்டது. பலன் தெரிந்தது, அளவும் அப்படியே நிலைத்துவிட்டது. பிறகு 0.1, 0.2, 0.5, 1.0 என்று வைத்துப் பார்த்த 2018 ஆய்வில் 0.5-உம் 1.0-உம்தான் தெளிவாக நின்றன. ஆக, குருட்டாம்போக்கில் பிடித்தது என்றாலும் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார்கள்.

கையேட்டில் வேகத்துக்கு ஒரு வரி போதும். வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது, பலன் எத்தனை நாள் நிற்கும், நிற்க என்ன செய்ய வேண்டும் என்பது. மருந்து உடம்பில் பாதியாவதற்கு 2 முதல் 3 மணி நேரம்தான். பலன் அதைத் தாண்டிச் சில நாள் நிற்கிறது, அதுதான் அதிசயம். ஆனால் ஒரே தடவையோடு விட்டால் பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் பழைய நிலை திரும்பும்.

---

சொட்டுக்கணக்கு

மயக்கவியல் பக்கத்திலிருந்து. அறையில் நடப்பதை 60 கிலோ ஆளை வைத்துச் சொல்கிறேன்.

60 × 0.5 = 30 மி.கி. இங்கே பரவலாகக் கிடைக்கும் குப்பி ஒரு மி.லி.க்கு 50 மி.கி. ஆகவே எடுக்க வேண்டியது 0.6 மி.லி. முதல் பிசகு இங்கேயே. மி.லி.க்கு 10 மி.கி., 100 மி.கி. குப்பிகளும் உலகத்தில் உண்டு. குப்பியில் எழுதியதை வாய்விட்டுப் படிக்காமல் “வழக்கமான 0.6” என்று 100 மி.கி. குப்பியில் உறிஞ்சினால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

இரண்டாவது, இன்சுலின் சிரிஞ்ச். மெல்லிய கோடுகள் இருக்கிறதே என்று அதை எடுப்பவர்கள் உண்டு. அதில் இருப்பது மி.லி. கணக்கல்ல, யூனிட். நம் ஊரில் 40 யூனிட் சிரிஞ்சும் 100 யூனிட் சிரிஞ்சும் ஒரே டிரேயில் கிடக்கும். 0.6 மி.லி. என்பது முன்னதில் 24-ஆம் கோடு, பின்னதில் 60-ஆம் கோடு. மாறிப்போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்ச்தான் இதற்கு.

அந்த 0.6-ஐ 50 மி.லி. சிரிஞ்சில் சலைனோடு மொத்தம் 50 ஆக்கி, பம்பில் மணிக்கு 75 மி.லி. வைத்தால் சரியாக 40 நிமிடம். பம்ப் இல்லாமல் 100 மி.லி. பாட்டிலில் கலந்தால், மி.லி.க்கு 20 சொட்டு விழும் சாதாரண செட்டில் நிமிடத்துக்கு 50 சொட்டு. கணக்கு சரிதான், நடைமுறையில் ஓடாது. நோயாளி முழங்கையை மடக்கினால் சொட்டு நிற்கும், நீட்டினால் பாயும். 40 நிமிடத்தில் ஏற வேண்டியது 15 நிமிடத்தில் ஏறினால் மிதப்பு பயமாக மாறும், பி.பி. எகிறும். ஊசிக்குழாயை முழங்கை மடிப்பில் குத்தாமல் முன்கையில் குத்தச் சொல்வது இதனால்தான்.

யாரும் கவனிக்காத ஒன்று: பாட்டில் காலியானதும் “முடிந்தது” என்று கழற்றுகிறார்கள். செட்டின் குழாயில் 15 மி.லி. அளவுக்கு மருந்து நிற்கிறது. மி.லி.க்கு 0.3 மி.கி. கணக்கில் 4.5 மி.கி. அதாவது 30-இல் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குப்பைத் தொட்டிக்குப் போகிறது. பிறகு “இந்தத் தடவை சரியாகப் பிடிக்கவில்லை” என்று அடுத்த முறை அளவை ஏற்றுவார்கள். பாட்டில் முடிந்ததும் அதே வேகத்தில் கொஞ்சம் சலைன் ஓடவிட்டு அப்புறம் கழற்ற வேண்டும்.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியது: வெறும் வயிறு, எவ்வளவு நேரம் என்பதை மயக்கவியல் மருத்துவர் சொல்வார். காலையில் வழக்கமான பி.பி. மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். ஏற்றுவதற்கு முன் 140/90-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்குத் தள்ளிப்போடுவார்கள் அல்லது இறங்கும்வரை காத்திருப்பார்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கமோ மூளையில் ரத்தக்கசிவோ இருந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், பி.பி. ஏற்றம்தான் காரணம். ஏறும்போது குமட்டல், தலைச்சுற்றல், “நான் இங்கே இல்லை” என்ற உணர்வு வரும். சிலர் அழுவார்கள். முடியும் தறுவாயில் அது உச்சத்தில் இருக்கும், 2 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். அந்த நேரத்தில் கூட இருப்பவர் “என்ன தெரியுது, என்ன தெரியுது” என்று நச்சரிக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. வண்டி ஓட்டுவது மறுநாள், நன்றாகத் தூங்கி எழுந்த பிறகுதான்.

---

நொச்சி

குழாயில் நிற்கும் மருந்தை யாரும் சொன்னதில்லை. நன்றி சார். ஷாக் பற்றிய மூன்றாவது வாக்கியம்? அதற்கு 2023 ஆய்வு என்று வரைவில் குறிப்பு இருக்கிறது.

---

பாலைக்கதிர்

அடியுங்கள் அந்த வாக்கியத்தை.

2023 ஆய்வு அமெரிக்காவில் 403 பேரை வைத்து நடந்தது. 3 வாரத்தில் பலன் கெட்டமைனில் 55.4 சதவீதம், ஷாக்கில் 41.2 சதவீதம். ஆனால் அதற்கு முந்தைய வருடம் ஸ்வீடனில் 186 உள்நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் முடிவு தலைகீழ். முழு நிவாரணம் ஷாக்கில் 63 சதவீதம், கெட்டமைனில் 46 சதவீதம். இரண்டுமே உண்மை, ஆட்கள்தான் வேறு. அமெரிக்க ஆய்வில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து வந்து போனவர்கள். மாயக்குரல், பிரமை எல்லாம் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. ஷாக்கையும் தலையின் ஒரு பக்கத்தில், மிகச் சிறிய துடிப்பில் தொடங்கினார்கள். அது நினைவாற்றலைக் காப்பாற்றும், வேகமும் குறையும். ஸ்வீடனில் படுக்கையில் சேர்க்கும் அளவுக்குத் தீவிரமானவர்கள், பிரமை உள்ளவர்களும் உண்டு. வயது கூடியவர்களிடம் ஷாக்கின் கை இன்னும் ஓங்கியிருந்தது.

சாப்பாடு தண்ணீரே வேண்டாம் என்று சுருண்டு கிடக்கும் 65 வயதுக்காரரின் மகன் இந்தக் கையேட்டைப் படித்துவிட்டு “ஷாக் வேண்டாம் டாக்டர், அதைவிட இதுதான் மேல்” என்று நிற்பார். அவருக்கு முதலில் யோசிக்க வேண்டியதே ஷாக். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் ஷாக் கொடுப்பதை 2017 மனநலச் சட்டம் தடை செய்துவிட்டது என்பதையும் ஒரு வரி போடுங்கள். சினிமாவில் பார்த்ததை வைத்துத்தான் பாதிப்பேர் பயப்படுகிறார்கள்.

---

பீட்டா அலை

டி.எம்.எஸ். அரைப் பக்கத்துக்கு.

2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்த பழைய முறை: இடது முன்மூளையில் நொடிக்கு 10 துடிப்பு, 4 நொடி அடி, 26 நொடி ஓய்வு. இப்படி 75 சுற்று, 3000 துடிப்பு, 37 நிமிடம் 30 நொடி. வாரம் 5 நாள், 4 முதல் 6 வாரம். புதிய தீட்டா முறையில் 600 துடிப்பு, 3 நிமிடம் 9 நொடியில் முடிந்துவிடும். 2018-இல் கனடாவில் 414 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்டார்கள், குட்டி முறை பெரியதற்குக் குறைந்ததல்ல என்று வந்தது. “3 நிமிடத்தில் என்ன ஆகிவிடும், ஏமாற்றுகிறார்கள்” என்று வீட்டார் சண்டைக்கு வருவதுண்டு. அதனால் இதை எழுதுங்கள்.

பலன் இல்லையென்றால் இயந்திரத்தைத் திட்டுவதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, இடம். கட்டைவிரல் துடிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து அங்கிருந்து 5 செ.மீ. முன்னே நகர்த்துவது பழைய வழி. தலை பெரியவருக்கும் சிறியவருக்கும் அதே 5 என்றால் பலருக்குக் காந்தச் சுருள், கை அசைவை இயக்கும் பகுதியின் ஓரத்திலேயே நின்றுவிடும். மூக்குத்தண்டின் மேலிருந்து பின்மண்டை மேடுவரை, காதுக்குக் காது, தலைச்சுற்றளவு ஆகிய மூன்றையும் நாடாவால் அளந்து குறிப்பது கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் சரியான இடத்தில் உட்காரும்.

இரண்டு, விசை. ஒவ்வொருவருக்கும் 10 அடியில் 5 தடவையாவது கட்டைவிரல் தசை அசையும் குறைந்தபட்ச விசையை முதல் நாள் கண்டுபிடித்து, அதில் 120 சதவீதம் வைக்கிறோம். அந்த எண் நிலையானதல்ல. முந்தின இரவு தூங்காவிட்டாலோ, மருந்து மாறினாலோ, குடியை நிறுத்தினாலோ அது நகரும், வலிப்பு அபாயமும் கூடும். வலிப்பு வருவது அரிது, ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழே. வந்தவர்களைப் பார்த்தால் இதுபோல் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் வந்தவர்களாகவே பெரும்பாலும் இருக்கும். மருந்துச் சீட்டில் எது மாறினாலும் அன்றைக்கு நாற்காலியில் உட்காரும் முன் சொல்லச் சொல்லுங்கள். தலைக்குள் உலோகக் கிளிப், காதுக்குள் பொருத்தும் காக்ளியர் கருவி இருந்தால் டி.எம்.எஸ். கிடையாது. காதில் அடைப்பான் கட்டாயம், இயந்திரச் சத்தம் சுத்தியல் அடிதான்.

---

மருந்துச்சீட்டு

எல்லோரும் மூன்றாம் மாடியில் நிற்கிறீர்கள். கீழே ஒன்றைப் பார்த்துவிட்டு ஏறலாம்.

“மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வு” என்றால், இரண்டு வெவ்வேறு மருந்தை, ஒவ்வொன்றையும் போதிய அளவில், 6 வாரமாவது ஒழுங்காகச் சாப்பிட்டும் தேறாதது. எஸ்சிட்டலோபிராம் 5 மி.கி. மூன்று வாரம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியதை ஒரு தோல்வி என்று எண்ணக் கூடாது. தைராய்டு பார்த்தாயிற்றா, குடி உண்டா, முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் ஒரு வாரம் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் கடன் வாங்கிச் செலவழித்தாரா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு “ஆமாம்” என்றால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம், பாதையே மாறும். இருமுனையில் கெட்டமைனைச் சோதித்த 2010 ஆய்விலும் 2012 ஆய்விலும் மனநிலையைச் சீராக்கும் லித்தியமோ வால்புரோயேட்டோ கூடவே ஓடிக்கொண்டிருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

லித்தியம் மன எழுச்சிக்கு உதவும் என்பது 1949-இல் ஜான் கேட் கண்டது. புதியவற்றின் ஆரவாரத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. மனச்சோர்வு மாத்திரையோடு லித்தியத்தைச் சேர்ப்பதைக் கையேட்டில் ஒரு வரியாவது சொல்லுங்கள். ரத்த அளவு கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரத்தில் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போனால் எண் பொய்யாக ஏறும். இன்னொரு பொய் ஏற்றம், குழாய் மூடியின் நிறத்தில் இருக்கிறது. பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்கப் பூசியிருப்பது பல நேரம் லித்தியம் ஹெப்பாரின். லித்தியமே சாப்பிடாதவருக்கும் அதில் லித்தியம் காட்டும். சிவப்பு அல்லது மஞ்சள் மூடியில் எடுக்கச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் லித்தியம் நிஜமாகவே ஏறி விஷமாகும். பாராசிட்டமால் பரவாயில்லை.

கெட்டமைன் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ளது. சீட்டு இரண்டு பிரதி, கடையில் ஒன்று 2 வருடம் பத்திரமாக இருக்கும். “வீட்டிலேயே போட்டுக்கொள்ள வாங்கித் தாங்க” என்று வீட்டார் கேட்பார்கள். முடியாது என்பதைக் கையேட்டிலேயே எழுதிவிட்டால் எங்களுக்குத் தொல்லை குறையும். அடிக்கடி, கணக்கில்லாமல் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை புண்ணாவது தெரிந்த விஷயம். சிறுநீரில் எரிச்சல், ரத்தம் வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள்.

---

நொச்சி

மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமைன், காளான் மருந்து இரண்டையும் “வரவிருப்பவை” என்று ஒரு பெட்டியில் போட்டிருக்கிறார்கள். வைக்கலாமா?

---

பாலைக்கதிர்

எஸ்கெட்டமைன் வரவிருப்பது இல்லை, வந்தது. எஃப்.டி.ஏ. அனுமதி மார்ச் 2019. ஒரு குப்பியில் 28 மி.கி., ஒரு தடவைக்கு இரண்டோ மூன்றோ குப்பி, குப்பிக்குக் குப்பி 5 நிமிட இடைவெளி, பிறகு 2 மணி நேரம் அங்கேயே கண்காணிப்பு. முதல் 4 வாரம் வாரத்துக்கு இருமுறை, பிறகு இடைவெளி கூடும். நமக்கு அதில் பயன்படும் எண் வேறு: தேறியவர்களில் பாதிப்பேருக்கு மருந்தைத் தொடர்ந்தும், பாதிப்பேருக்குப் போலி ஸ்பிரே கொடுத்தும் பார்த்தார்கள், எல்லோருக்கும் தினசரி மாத்திரை உண்டு. முழுதாகத் தேறியிருந்தவர்களில் மறுபடி விழுந்தது தொடர்ந்தவர்களில் 26.7 சதவீதம், நிறுத்தியவர்களில் 45.3 சதவீதம். தொடர்ந்தாலும் நாலில் ஒருவர் விழுகிறார். இதைத்தான் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும்.

காளான் மருந்தான சைலோசைபினைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடலாம். 2022-இல் 233 பேரை மூன்று அளவுகளுக்குப் பிரித்து ஒரே தடவை கொடுத்ததில், 25 மி.கி. வாங்கியவர்களுக்கு 1 மி.கி. வாங்கியவர்களை விட 3 வாரத்தில் 6.6 புள்ளி கூடுதலாக இறங்கியது. 60 புள்ளி அளவுகோலில் அது நல்ல எண்தான். ஆனால் கூடவே பல மணி நேரம் சிகிச்சையாளர் உட்கார்ந்திருந்தார். நம் புறநோயாளிப் பிரிவில் கிடைக்காத ஒன்றைக் கையேட்டில் போட்டால், வெளியே எதையோ தேடிப் போவார்கள்.

---

நொச்சி

முதல் பத்தியை மாற்றி எழுதியாயிற்று. பாருங்கள்:

“கெட்டமைன் ஊசி போட்ட ஓரிரு நாளில் பலருக்கு மனப்பாரம் குறையும், எல்லோருக்கும் அல்ல. ஒரு தடவையில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் சில நாள்தான் நிற்கும். அதனால் பல தடவை வர வேண்டியிருக்கும். நன்றாக இருக்கிறது என்று தினசரி மாத்திரையை நிறுத்தக் கூடாது. சிலருக்கு இதைவிட ஷாக் சிகிச்சையே பொருத்தம், அதை மருத்துவர் சொல்வார்.”

---

சொட்டுக்கணக்கு

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல் மாற்றுங்கள், “ஊசி”. ஊசி என்று படித்தால் பத்து நிமிட வேலை என்று நினைத்து, ஆளை இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். “40 நிமிடச் சொட்டு மருந்து” என்று போட்டு, அடுத்த வரியிலேயே “கூட ஒருவர் அரை நாள் இருக்க வேண்டும்” என்று எழுதுங்கள்.

---

நொச்சி

மாற்றிவிட்டேன் சார்.